இந்த மரங்கள் இங்கே வளர்ந்தவை அல்ல

உங்கள் முன் கிடப்பது கல்லாகிவிட்ட மரம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலுக்கடியில் காற்றுப் படாமல் புதைந்த இந்த அடிமரத்துக்குள் சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் ஊறியது; அந்தச் சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளை நிரப்பி இறுகியது. குனிந்து பாருங்கள்: இழை ஓட்டம் விறகுக்கடையில் பார்ப்பது போலவே இருக்கும். கல்மரம் என்று ஊரார் வைத்த பெயர் பொருத்தமானதுதான்.

ஆனால் திருவக்கரையில் ஒரு காடே நின்றபடி கல்லானது என்று பலர் நினைப்பது சரியல்ல. இவை எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. பட்டையில்லை, கிளையில்லை, இலையில்லை, வேருமில்லை. மென்மையானவை மட்கியிருக்கலாமே என்று கேட்கலாம். இலைக்கு அது பொருந்தும்; அடிமரத்தையே காத்த மணல், அதனோடு ஒட்டிய பருத்த வேரை மட்டும் ஏன் கைவிட்டது? விடை சுற்றியுள்ள கடலூர் மணற்கல்லில் இருக்கிறது. அதிலுள்ள பருமணலும் உருண்ட கூழாங்கற்களும் ஓடும் நீர் கொண்டுவந்து கொட்டியவை. அதே வெள்ளம்தான் மரங்களையும் வேறெங்கிருந்தோ உருட்டி, வழியில் பட்டையையும் கிளையையும் உரித்து, இங்கே போட்டிருக்க வேண்டும். கிடக்கும் இடமும் நிலையும்கூடச் சான்று என்பதால், ஒரு சில்லைக்கூட எடுத்துச் செல்லாதீர்கள்.