சமையலறைக் கருவிகளின் அமைவிடம்

சமையலறைக் கருவிகளின் அமைவிடம் என்பது அடுப்பு, எரிவளி உருளை, குளிர்சாதனப் பெட்டி, நுண்ணலை அடுப்பு முதலியவற்றை ஒன்றுக்கொன்று தீங்கு நேராத இடைவெளியில் வைப்பதைக் குறிக்கும். ஒரு கருவி வெளியிடும் வெப்பமோ நீராவியோ தீப்பொறியோ அருகிலுள்ள கருவியைப் பாதிப்பதே இதில் அடிப்படைச் சிக்கல் ஆகும். இக்கட்டுரை இந்திய வீடுகளில் பரவலாகக் காணப்படும் கருவிகளைப் பற்றியது.

எரிவளி உருளையும் குளிர்சாதனப் பெட்டியும்

எல்.பி.ஜி. எனப்படும் நீர்ம பெட்ரோலிய வளிமம் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையாகும். இது காற்றைவிட ஏறத்தாழ 1.5 முதல் 2 மடங்கு அடர்த்தியானது. எனவே கசியும் வளிமம் மேலெழுந்து சன்னல் வழியே வெளியேறுவதில்லை. தரையை ஒட்டிப் பரவித் தாழ்வான மூலைகளில் தேங்குகிறது. காற்றில் இதன் அளவு சுமார் 2 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடும்.

குளிர்சாதனப் பெட்டியின் அமுக்கி பெரும்பாலும் பெட்டியின் அடிப்பகுதியில், அதாவது வளிமம் தேங்கும் உயரத்திலேயே அமைந்துள்ளது. பழைய வகைப் பெட்டிகளில் அமுக்கியைத் தொடக்கும் ரிலேயின் மின்தொடுகைகளில் சிறு பொறி உண்டாகலாம். விளக்கின் ஆளியைத் தொடாமலிருக்க மனிதரால் முடியும். குளிர்சாதனப் பெட்டியோ யாரும் தொடாமலே நள்ளிரவிலும் தானாக இயங்கும். ஆகவே உருளைக்கு அருகில் இதனை வைத்தல் ஆகாது.

வளிம நெடி உணரப்படும்போது, பெட்டியின் செருகியை அவசரமாகப் பிடுங்குவோர் உண்டு. இது தவறு. பிடுங்கும் கணத்திலும் பொறி தோன்றும். உருளையின் ஒழுங்குபடுத்தியை மூடிக் கதவு, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். முதன்மை ஆளி வீட்டுக்கு வெளியே இருப்பின் அங்கு மின்சாரத்தைத் துண்டிக்கலாம்.

உருளை தரைமட்டத்தில் நிமிர்ந்த நிலையிலும், அடுப்பு அதைவிட உயரமான மேடையிலும் இருத்தல் வேண்டும். உருளையை அலமாரிக்குள் வைப்பதாயின் அதன் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளைகள் தேவை.

வெப்பம்

குளிர்சாதனப் பெட்டி உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அடுப்பின் அருகில் வைத்தால் அவ்வெப்பம் வெளியேறுவது கடினமாகி, அமுக்கி கூடுதல் நேரம் ஓடும். புதிய பெட்டிகள் பலவற்றில் வெப்பம் தள்ளும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள் உள்ளன. பக்கங்கள் சுடுவதைக் கண்டு பழுது எனக் கருத வேண்டியதில்லை; ஆனால் பக்கங்களிலும் இடைவெளி விட வேண்டும்.

நுண்ணலை அடுப்பைப் பொறுத்தவரை பலரும் அஞ்சுவது கதிர்வீச்சுக்கே. பழுதற்ற அடுப்பில் கசிவு மிகக் குறைவு. தொலைவு கூடக்கூட அது விரைந்து குறையும். கவனிக்க வேண்டியது அதன் காற்றுத் துளைகள் அடைபடாமல் இருப்பதையே.

மின்சுமை

அருகருகே உள்ள கருவிகளை ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகும் வழக்கம் தீ விபத்துக்கு வழிவகுக்கும். 2000 வாட் தூண்டல் அடுப்பும் 1500 வாட் மின்கெண்டியும் 230 வோல்ட்டில் சேர்ந்து இயங்கினால் சுமார் 15 ஆம்பியர் பாயும். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 6 ஆம்பியருக்கான கம்பி தாங்கவேண்டிய அளவைப் போல 6 மடங்குக்கு மேல் சூடாகும். இத்தகைய கருவிகளுக்குத் தனித்தனி 16 ஆம்பியர் செருகுவாய்கள் அமைக்கப்படுகின்றன. மாவரைக்கும் கிரைண்டர் போன்ற உலோக உடல் கொண்டவற்றுக்குப் புவித்தொடுப்பு கட்டாயம்; கழுவுதொட்டியின் நீர் தெறிக்கும் தொலைவில் அவற்றை வைக்கக்கூடாது.