எட்டாம் வகுப்பு அறிவியல்: மூன்று பாடமா, ஒரு பாடமா?

மண்பானையில் வைத்த நீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? கல்லூரி முதலாண்டில் இயற்பியல் பயில வரும் மாணவர்களிடம் இக்கேள்வியைக் கேட்பது என் வழக்கம். ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்திற்கு வரையறை கூறப் பலரால் முடிகிறது. ஆனால், வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதும் இதே முறையில்தான் என்றதும் அவர்கள் வியப்படைகின்றனர். "அதை உயிரியலில் அல்லவா படித்தோம்!" என்றார் ஒரு மாணவர். அறிவு இருக்கிறது, ஆனால் தனித்தனி அறைகளில் பூட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பூட்டைத் திறப்பதற்கு ஏற்ற இடம் எட்டாம் வகுப்பு. நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பு அது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் உறுதி செய்வதும் அதுவரையிலான கல்வியையே. அதற்கு மேல் படிக்க இயலாமற் போகும் ஒரு பிள்ளை, அறிவியல் என்று எதைக் கையோடு எடுத்துச் செல்லும்? பாடத்திட்டம் வகுப்போர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

கலவையும் இணைப்பும்

இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றின் பாடங்களையும் ஒரே அட்டைக்குள் தைத்துவிட்டால் அது ஒருங்கிணைந்த அறிவியல் ஆகிவிடாது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, 'பொது அறிவியல்' என்ற பெயரில் நடந்த போதனை வெற்றி பெறவில்லை என்று கருதியது. அம்முறையில் அறிவியல் வடிவமற்றுத் தோன்றுகிறது என்பது அதன் குறை. ஆகவே உயர் தொடக்க வகுப்புகளில் பாடங்களைத் துறைவாரியாகக் கற்பிப்பதே நன்று என அது பரிந்துரைத்தது. இக்கண்டனம் நியாயமானதே. வெறும் கலவைக்கு வடிவம் இராது. ஒரு கேள்வியைச் சுற்றி அமையும் இணைப்புக்கே வடிவம் உண்டு.

இவ்வகையில் நம் நாட்டில் நடந்த ஒரு பெருமுயற்சி நினைவுகூரத்தக்கது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் போதனைத் திட்டம் தொடங்கியது. 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் சோதனைகளைத் தாமே செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வந்தனர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. எனினும் மலிவான பொருள்களைக் கொண்டு சாதாரணக் கிராமப் பள்ளியிலும் ஆய்ந்து கற்க முடியும் என்பதை அது முப்பது ஆண்டுகள் செய்து காட்டியது.

ஒரு பானையிலிருந்து ஒரு பாடம்

இனி, எட்டாம் வகுப்புக்கு ஒரு பகுதியைத் திட்டமிட்டுப் பார்ப்போம். 'பானை நீர் ஏன் குளிர்கிறது?' என்பதே தலைப்பு. பன்னிரண்டு பாடவேளைகள் போதும்.

முதல் நான்கு பாடவேளைகள் பானைக்கு. ஒரே அளவான இரு மண்பானைகளை வாங்கி, ஒன்றின் வெளிப்புறத்தில் மட்டும் பெயிண்ட் பூசி உலர விடுக. இரண்டிலும் சம அளவு நீர் ஊற்றிக் காற்றோட்டமான நிழலில் வைத்து, காலையிலும் மாலையிலும் எடையையும் வெப்பநிலையையும் குறித்துவரச் செய்க. பெயிண்ட் பூசாத பானையில் எடை கூடுதலாகக் குறையும். நீரும் நன்கு குளிரும்.

அடுத்து ஒரு கணக்கு. 30 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் தேவை. பத்து லிட்டர் நீருள்ள பானையிலிருந்து 100 கிராம் ஆவியானால், போகும் வெப்பம் 58,000 கலோரி. வெளியிலிருந்து வெப்பம் சிறிதும் வராதிருந்தால், நீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர வேண்டும். மாணவர்கள் அளந்து காண்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும். "மீதி எங்கே?" என்று கேளுங்கள். வெளிக்காற்றின் வெப்பம் பானைக்குள் புகுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்த மூன்று பாடவேளைகள் உயிர்களுக்கு. வியர்வை நம்மைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அது ஆவியாகாமல் உடலில் வழிகிறது. அன்று பானை நீரும் சரியாகக் குளிர்வதில்லை. இலையுள்ள ஒரு கிளையைப் பாலிதீன் பையால் மூடிக் கட்டினால், சில மணி நேரத்தில் உட்புறம் நீர்த்துளிகள் தோன்றும். அது நீராவிப்போக்கு.

அடுத்த மூன்று உப்புக்கு. உப்புக் கரைசலை அகலத் தட்டிலும் குறுகிய வாய்ப் புட்டியிலும் வைத்தால் எது முதலில் வற்றும்? தூத்துக்குடி உப்பளப் பாத்திகள் ஏன் ஆழமின்றிப் பரந்து கிடக்கின்றன என்பது இப்போது விளங்கும். கடல்நீர் வற்றும்போது ஜிப்சம் படிந்த பிறகே சமையல் உப்பு படிகிறது. மக்னீசிய உப்புகள் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. கரைதிறன் என்னும் வேதியியல் கருத்து இங்கே தேவையோடு நுழைகிறது.

கடைசி இரண்டும் மழைக்கு. கடலிலிருந்து எழுந்த நீராவி மேகமாகக் குளிரும்போது, எடுத்துச் சென்ற வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. வங்கக் கடலில் புயலுக்கு வலிமையூட்டுவது அவ்வெப்பமே. பானையைக் குளிர்வித்த அதே விதி புயலையும் நடத்துகிறது!

திட்டமிடுவோர் கவனிக்க

முதலாவதாக, வரிசை முக்கியம். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பது தெளிவாகாத மாணவருக்கு மேற்கண்ட கணக்குப் புரியாது. எனவே ஒவ்வொரு பகுதிக்கும் முன்னறிவு எது என்று பட்டியலிட வேண்டும்.

இரண்டாவதாக, இணைப்பை வலிந்து திணிக்கலாகாது. மின்சுற்றைப் பானையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை; அதைத் தனியாகவே கற்பிக்கலாம். ஆண்டில் இத்தகைய பகுதிகள் நான்கைந்து அமைந்தாலே போதும்.

மூன்றாவதாக, ஆசிரியர். விலங்கியல் படித்தவர் உள்ளுறை வெப்பத்தையும், இயற்பியல் படித்தவர் இலைத்துளையையும் கற்பிக்க நேரும். தெரியாததை மாணவரோடு சேர்ந்து அளந்து அறிவதில் இழிவில்லை. ஆயினும் அதற்கான பயிற்சியை அவருக்கு முன்கூட்டியே அளிப்பது கடமை.

நான்காவதாக, தேர்வு. 'உள்ளுறை வெப்பம் என்றால் என்ன?' என்றே வினாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தால், வகுப்பும் விரைவில் மனப்பாடத்திற்குத் திரும்பிவிடும். 'மழைக்காலத்தில் பானை நீர் ஏன் அவ்வளவு குளிர்வதில்லை? வேறு எங்கே இதே காரணத்தைக் காண்கிறாய்?' என்று கேட்டுப் பார்க்கலாம். ஈரத்துணி உலர்வது முதல் வியர்வை வரை பல விடைகள் வரும்.

அந்த விடைகளைத் தானே தேடிச் சொல்லக் கற்ற பிள்ளை, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டாலும் அறிவியலை விட்டுச் செல்வதில்லை. தொடங்குவதற்கு வேண்டியவை இரண்டு மண்பானைகள், ஒரு தராசு, ஒரு வெப்பநிலைமானி, அவ்வளவே.