ஏலமும் துணையும்

மன்னார்க் கரைக்கு ஏலம் புதியதன்று. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்க்கும் உரியனவாயின. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விடப்பட்டது. சிப்பியோ திறவாதது. உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். குறைத்துக் கேட்டவர் நல்ல சிப்பியைப் பிறருக்கு விட்டார். அளவு மீறிக் கேட்டவர் கைமுதலை இழந்தார்.

கண்ணுக்குப் புலனாகாததை விலை மதிக்கும் இதே திறமைதான் சீட்டாட்டத்து ஏலத்திலும் வேண்டப்படுகிறது. இலங்கைத் தமிழர் நன்கறிந்த 'முந்நூற்று நாலு' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நால்வர், இருவர் இருவராகச் சேர்ந்து, 32 சீட்டுகளைக் கொண்டு ஆடுவது அது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304 வருகிறது. ஆளுக்கு நான்கு சீட்டுகள் மட்டும் கிடைத்தவுடனே கேள்வி தொடங்கிவிடும். பெரும்பாலும் 160 என்பதே முதற் கேள்வி. மொத்தத்தில் பாதி 152 ஆதலால், பாதியைச் சற்றுத் தாண்டுவேன் என்பதே அதன் பொருள். வென்றவர் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். எந்த இனம் துரும்பு என்பது எதிரிகளுக்கு மட்டுமன்று, சொந்தத் துணைவருக்கும் மறைபொருளே.

பிரிட்ஜ் ஆட்டம் இங்கேதான் வேறுபடுகிறது. அதில் எண்ணோடு இனத்தையும் வாய்விட்டுக் கூறவேண்டும். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் விலை மட்டுமன்று; துணைவருக்கு விடுக்கும் செய்தியும் ஆகும். அச்செய்திகளுக்குப் பொருள் வகுக்கும் முறைகள் பல. அவற்றுள் 'ஏக்கோல்' என்பது 1930களில் இலண்டனில் உருவானது. அந்நகரின் ஏக்கோல் வீதியிலிருந்த ஆட்டக் கழகமொன்றின் வழியாக அப்பெயர் வந்தது. அதனை வகுத்தவர்களுள் ஒருவரான இயன் மக்ளவுட், பின்னாளில், 1970இல், பிரித்தானியாவின் நிதியமைச்சரானார். பிரித்தானியாவிலும் அதன் பழைய குடியேற்ற நாடுகள் பலவற்றிலும் இம்முறை பரவியது.

பிரிட்ஜில் 52 சீட்டுகள், ஆளுக்குப் பதின்மூன்று. ஆசுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 எனக் கணித்தால் மொத்த வலிமை 40 புள்ளிகள். கிளாவர், டைமன், ஆர்ட்டின், இஸ்கோப்பு, துரும்பில்லா ஆட்டம் என்ற வரிசையில் கேள்விகள் ஏறும். இவற்றுள் கடைசிப்படியில் நிற்பது கிளாவர். மன்னாரை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தரின் மொழியிலும் அதற்கு அப்பெயரே. மூவிலைப் புல்லைக் குறிக்கும் சொல் அது. 'ஒன்று' என்று கேட்டால் ஆறுக்கு மேல் ஒரு பிடி, அதாவது ஏழு பிடி எடுக்கவேண்டும். முழு ஆட்டத்தின் மதிப்பைப் பெறத் துரும்பில்லா ஆட்டத்தில் ஒன்பது பிடி போதும். ஆர்ட்டினில் பத்து வேண்டும். கிளாவரிலோ பதினொன்று வேண்டும். இவ்வேறுபாட்டை நினைவில் இருத்தினால்தான் பின்வரும் சிக்கல் விளங்கும்.

ஒருவர் கையில் இவை இருப்பதாகக் கொள்வோம். ஆர்ட்டினில் ஆசு, ராசா, ஜாக்கி, ஏழு, மூன்று. கிளாவரில் ஆசு, ராணி, எட்டு, நான்கு. டைமனில் ஆசு, ஐந்து. இஸ்கோப்பில் ஆறு, இரண்டு. வலிமை 18 புள்ளிகள். அவர் 'ஒன்று ஆர்ட்டின்' என்று தொடங்குகிறார். துணைவர் 'இரண்டு கிளாவர்' என்கிறார். அதனால் துணைவரிடம் ஏறத்தாழ ஒன்பது, பத்துப் புள்ளிகளேனும் உண்டென்பதும், கிளாவர் நீளமாக உண்டென்பதும் தெரிகின்றன. தொடங்கியவர் கையிலும் கிளாவர் நான்கு. இனி அவர் கூறவேண்டியது யாது?

'மூன்று கிளாவர்' என்று உயர்த்துவது இயல்பாகத் தோன்றும். ஆனால் ஏக்கோல் முறையில் அது நடுத்தர வலிமையை மட்டுமே காட்டும். துணைவர் அங்கேயே நிறுத்திவிடலாம். 28 புள்ளிகள் கூடியிருந்தும் முழு ஆட்டம் கைநழுவும். 'இரண்டு டைமன்' என்பதற்கும் துணைவர் பேசியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'நான்கு கிளாவர்' வலிமையைக் காட்டும். ஆயினும் ஒன்பது பிடி போதுமான மூன்று துரும்பில்லா ஆட்டத்தைத் தாண்டிச் சென்றுவிடும். அதனைத் தாமே கேட்டுவிட்டாலோ, காவலற்ற இஸ்கோப்பில் எதிரிகள் தொடர்ந்து பிடி எடுக்கக்கூடும். கிளாவர்த் துணையும் மறைந்துபோகும்.

எனவே தேர்ந்த ஆட்டக்காரர் 'மூன்று டைமன்' என்று ஒரு படி தாவிக் கேட்பார். டைமன் இரண்டே இருக்க, நீளமாக உள்ளதுபோற் கூறுவது பிழையன்றோ எனின், நீளத்தைப் பொறுத்தவரை அது மிகைதான். வலிமையைப் பொறுத்தவரை மெய்யே. அவ்வினத்தின் ஆசு கையில் இருக்கிறது. தாவிக் கேட்டதனால் முழு ஆட்டம் வரை ஏலம் நில்லாது என்பது துணைவருக்கு உறுதியாகும். கூறப்படாத இனம் இஸ்கோப்பு ஒன்றே என்பதும் அவருக்குத் தெரியும். அதிற் காவல் இருந்தால் அவர் துரும்பில்லா ஆட்டத்தை நாடுவார். இல்லையேல் ஆர்ட்டினுக்கோ கிளாவருக்கோ வருவார். அடுத்த சுற்றில் தொடங்கியவர் கிளாவரை உயர்த்தும்போது செய்தி நிறைவடையும். துணைவர் டைமனையே உயர்த்தினாலும், ஐந்து கிளாவருக்குத் திரும்ப வழியுண்டு.

'இரண்டு இஸ்கோப்பு' என்பதும் வலிமையைக் காட்டும் கேள்வியே. ஆனால் மேற்கூறிய கையில் அது கேடு பயக்கும். இஸ்கோப்பிற் காவல் உண்டென நம்பித் துணைவர் துரும்பில்லா ஆட்டத்துக்குச் செல்வார். அந்த இனத்திலோ இருவரிடமும் ஒன்றும் இராமற் போகலாம். அதே கையில் டைமன் ஆசுக்குப் பதிலாக இஸ்கோப்பு ஆசு இருந்தால் நிலைமை மாறும். அப்போது 'இரண்டு இஸ்கோப்பு' என்பதே சிறந்தது. ஏலத்துக்கு இடமும் மிகுதியாகக் கிடைக்கும். துணைவர் 'ஒன்று இஸ்கோப்பு' என்று கூறாமல் கடந்து வந்தவராதலால், அவரிடம் அவ்வினம் நான்கு இருப்பது அரிது. ஆகவே அவர் அதனை உயர்த்திக் குழப்பும் அச்சமும் குறைவு. கையின் வலிமை 15 புள்ளிகளாக இருப்பின், 'மூன்று கிளாவர்' என்ற நேரிய உயர்வே போதும். ஆர்ட்டினும் கிளாவரும் ஐந்தைந்தாக இருந்து, ஏனைய இனங்களில் ஒன்றில் ஒற்றைச் சீட்டே உள்ள வலிய கையாயின், துரும்பில்லா ஆட்டத்தை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. 'நான்கு கிளாவர்' தக்கதாகும்.

இவற்றிலிருந்து விளங்கும் விதி ஒன்றுண்டு. முழு உண்மையைக் கூறும் கேள்வி இல்லாதபோது, துணைவர் எதனை நம்பி முடிவு செய்வாரோ, அதில் மட்டும் தவறக்கூடாது. வலிமையும் காவலும் மெய்யாக இருக்கவேண்டும். நீளத்திற் சிறு மிகையைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். இல்லாத காவலை உண்டென்று கூறிவிட்டால், அதனைத் திருத்தும் வாய்ப்புக் கிட்டுவதற்குள் ஏலம் முடிந்துவிடும்.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. பிரிட்ஜ் ஆட்டத்தின் சட்டப்படி, துணைவர் இருவரும் வகுத்துக்கொண்ட பொருள் எதிரிகளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவர்கள் வினவினால் விளக்கவேண்டும். கண்ணசைவுக்கும் குரலேற்றத்துக்கும் அங்கு இடமில்லை. முந்நூற்று நாலு ஆடும் திண்ணைகளிலும் கள்ளச் சைகை செய்பவரோடு மறுமுறை சேர்ந்து ஆட எவரும் விரும்புவதில்லை. பொழுதுபோக்கெனக் கருதப்படும் இவ்வாட்டங்கள் இளைஞருக்குக் கற்பிக்கும் பாடம் எளியதன்று. அறியாததை அளவோடு மதித்தல், அறிந்ததைத் துணைவருக்குத் தெளிவாகச் சொல்லுதல், மற்றவர் கேட்க நாணவேண்டாதவாறு சொல்லுதல் ஆகிய மூன்றும் ஏலத்தின் இலக்கணம். நல்ல சீட்டு வருவது எவர் கையிலும் இல்லை; துணைவர் நம்பத்தக்கவாறு பேசுவது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.