எல்லை கடந்த தாதியர் கல்வி

மருந்தின் அளவிலே தாதி ஒருவர் செய்யும் சிறு தவறும் நோயாளியின் உயிரைப் பறித்துவிடலாம். ஆகவே, அத்தொழிலை யார் செய்யலாம் என்பதை அரசு வரையறுத்தல் எந்நாட்டுக்கும் இன்றியமையாதது. ஐக்கிய அமெரிக்காவில் இப்பொறுப்பு மத்திய அரசிடம் இல்லை, மாநிலங்களிடமே இருக்கிறது. தாதியரைப் பதிவு செய்யும் சட்டத்தை அந்நாட்டில் முதன்முதலாக இயற்றியது வட கரோலைனா மாநிலம், ஆண்டு 1903. பிற மாநிலங்களும் அவ்வழியே சென்று, தத்தமக்கெனத் தாதியர் சபைகளை அமைத்துக்கொண்டன.

மாணவர் தம் மாநிலத்துக் கல்லூரியிலேயே பயின்ற காலத்தில் இவ்வேற்பாட்டினால் பெருஞ் சிக்கல் எழவில்லை. இணையவழிக் கல்வி பரவியதும் நிலைமை மாறிற்று. பாடம் ஒரு மாநிலத்திலிருந்து வருகிறது. மாணவரோ வேறொரு மாநிலத்தில் வீட்டிலிருந்தே கற்கிறார். ஆனால் ஊசி போடுதலையும் புண்ணுக்குக் கட்டுப் போடுதலையும் பாடத்தால் மட்டும் கற்றுவிட முடியுமா? அதற்கு வைத்தியசாலைப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி பெரும்பாலும் மாணவர் வாழும் மாநிலத்திலேயே நடைபெறும். அங்குள்ள நோயாளரைக் காக்கும் கடமை அம்மாநிலச் சபைக்கு உரியது. ஆதலால், வெளிமாநிலக் கல்லூரி முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் எனச் சில சபைகள் விதிக்கின்றன. பயிற்சியை மேற்பார்வை செய்வோர் தம் மாநிலத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் எனச் சில சபைகள் கோருகின்றன.

இவ்விதிகள் வெறும் ஏட்டளவில் நிற்பவை அல்ல. நியூ யோர்க்கிலிருந்து நடத்தப்பட்ட தொலைக்கல்வித் திட்டம் ஒன்றில் 2003 டிசெம்பர் 6ஆம் திகதியும் அதன் பின்னரும் சேர்ந்தோரைப் பதிவு செய்யக் கலிபோர்ணியா மறுத்தது. பாடத்தோடு இணைந்த வைத்தியசாலைப் பயிற்சி அதிலே போதாது என்பதே காரணம். வேறு பல மாநிலங்களோ அதே தகுதியை ஏற்றுக்கொண்டன.

2014 முதல் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த ஓர் உடன்படிக்கை, கல்லூரிகள் எல்லை கடந்து கற்பிப்பதை எளிதாக்கிற்று. எனினும், தொழிற் பதிவுக்குரிய நிபந்தனைகளை அது மாற்றவில்லை. மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டத்திற் பங்குகொள்ளும் கல்லூரிகள், தமது கல்வி எந்தெந்த மாநிலங்களின் நிபந்தனைகளை நிறைவு செய்கிறது என்பதை அறிவித்தல் வேண்டும் என்னும் விதி 2020 யூலையில் நடைமுறைக்கு வந்தது.

ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற தகுதி, சொந்த ஊரிற் பயனற்றுப் போவதினும் கொடிய ஏமாற்றம் வேறென்ன? ஆகவே, கட்டணம் செலுத்துமுன் மாணவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: தாம் பணிபுரிய விரும்பும் மாநிலத்துச் சபை இக்கல்வியை ஏற்குமா? அதற்குரிய விடையைக் கல்லூரியின் விளம்பரத்தில் அன்று, அச்சபையிடமே கேட்டறிதல் நன்று.