சொரியாசிஸ்: ஒருவருக்குக் கேட்ட ஊசி மற்றவருக்கு ஏன் கேட்பதில்லை?

சொரியாசிஸ் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. உடலின் எதிர்ப்பு சக்தி தேவையின்றித் தூண்டப்படுவதால் தோல் அளவுக்கு மீறி வேகமாக வளர்ந்து, செதில் செதிலாக உதிர்கிறது.

நோய் தீவிரமானவர்களுக்கு, அழற்சியைக் கிளப்பும் புரதங்களைத் தடுக்கும் ஊசிகள் இன்று உள்ளன. விலையோ அதிகம். ஒருவருக்குத் தோல் முழுதும் தெளிகிறது. அதே ஊசி இன்னொருவருக்குக் கேட்பதில்லை. அது தெரிவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இதை முன்கூட்டியே அறிய இரத்தத்தில் தடயம் உண்டா என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். இரத்த மாதிரியில் கண்டறியக்கூடிய ஒரு தடயம், எச்.எல்.ஏ-சி 06:02 என்ற மரபணு வகை. இது உள்ளவர்களுக்கு உஸ்டெகினுமாப் ஊசி நன்றாக வேலை செய்வதாகப் பல ஆய்வுகள் காட்டின. இது இல்லாதவர்களுக்கு, உஸ்டெகினுமாபைவிட அடலிமுமாப் கூடுதல் பலன் தந்ததாக 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு சொன்னது.

இன்னொரு தடயம் சிகிச்சை தொடங்கிய பின் கிடைப்பது. அடலிமுமாப் மருந்துக்கு எதிராக உடலே ஆன்டிபாடிகளை உருவாக்கினால், இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும்; பலனும் குறையும்.

ஆனால், இவை எல்லா நோயாளிகளுக்கும் வழக்கமாகச் செய்யப்படும் பரிசோதனைகளாக இன்னும் ஆகவில்லை. ஊசிக்கு முன் எடுக்கும் காசநோய், ஹெபடைட்டிஸ், கல்லீரல் பரிசோதனைகள் நம் பாதுகாப்புக்கானவை. மருந்து கேட்குமா என்பதை அவை சொல்லாது.

ஆகவே, ஒரே இரத்தப் பரிசோதனையில் சரியான மருந்தைச் சொல்லிவிடுகிறோம் என்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். உறவினருக்குக் கேட்டது என்பதற்காக அவர் மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். சம்பந்தம் பேசும் நேரத்தில் வெளியே தெரிந்துவிடுமே என்று பிள்ளைகளின் நோயை மறைத்து, சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூட்டு வலி இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மருந்தைத் தேர்வு செய்ய அந்தத் தகவலும் மருத்துவருக்குத் தேவை.