தினம் 100 ரூபாய்... 100 நாள் தண்டல்! கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது!

சென்னை:-

காலை 10 மணி. வட சென்னையில் ஒரு மார்க்கெட் தெரு. மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவாக வருகிறது. ஓட்டி வருபவர் இறங்கவில்லை. ஹாரன் கூட அடிக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதுமே கீரைக்கார ஆயா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். இஸ்திரி வண்டிக்காரர் சட்டைப் பையில் கையை விடுகிறார். பூக்காரப் பெண் கூடைக்கு அடியில் துழாவுகிறார்.

ஆளுக்கு ஒரு 100 ரூபாய் நோட்டு வெளியே வருகிறது. சின்ன நோட்டில் ஒரு டிக். வண்டி அடுத்த கடைக்கு நகர்ந்து விடுகிறது.

அவர்தான் தண்டல்காரர்!

இந்தத் தெருவில் சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. ஆனால் தினமும் நடக்கும் இந்த அமைதியான வசூலில் எவ்வளவு பணம் போகிறது என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? நாம் பேனாவை எடுத்தோம்.

கையில் வந்தது எவ்வளவு?

காய்கறி விற்கும் ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தோம். வயது ஐம்பதைத் தாண்டி இருக்கும். விடியற்காலையில் கோயம்பேடு போய்ச் சரக்கு எடுத்து வந்து, ராத்திரி 8 மணி வரை தெருவில் உட்கார்ந்து விற்கிறார். அவர் சொன்னதாவது:-

"பத்தாயிரம் தண்டல் தம்பி. ஆயிரத்து ஐந்நூறை முதல்லயே புடிச்சுக்குவாங்க. கைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு வரும். தெனம் நூறு ரூபா, நூறு நாளு கட்டணும். கட்டி முடிச்சா மறுபடி தருவாங்க. அது முடிஞ்சா மறுபடி. பதினோரு வருஷமா இப்படித்தான் ஓடுது."

"வட்டி எவ்வளவு அம்மா?" என்று கேட்டோம்.

"என்ன, நூத்துக்குப் பதினஞ்சுதானே!" என்றார்.

இங்கேதான் ஏமாற்றமே இருக்கிறது.

15 அல்ல, 120!

அந்த அம்மா வாங்கியது 8 ஆயிரத்து 500 ரூபாய். அதை 100 நாள் முழுவதும் அவர் வைத்துக் கொள்ளவில்லை. மறுநாளே 100 ரூபாய் திரும்பிப் போகிறது. 50-வது நாளில் பாதிக் கடன் அடைந்து விடுகிறது. ஆனால் வட்டியோ முதல் நாளே முழுசாகப் பிடிக்கப்பட்டு விட்டது!

குறைந்து கொண்டே போகும் பாக்கியை வைத்துக் கணக்குப் போட்டால், வட்டி ஆண்டுக்கு சுமார் 120 சதவீதம் ஆகிறது.

இன்னும் எளிதாகச் சொல்கிறோம். வருஷம் பூரா தண்டல் ஓடினால் வட்டி மட்டும் 5 ஆயிரத்து 475 ரூபாய். இதே 8 ஆயிரத்து 500 ரூபாயை 12 சதவீத வட்டியில் வாங்கி 12 மாதத் தவணையில் கட்டினால், வட்டி சுமார் 560 ரூபாய்தான். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு!

பதினோரு வருஷத்துக்குப் பெருக்கினோம். 60 ஆயிரம் ரூபாய் வந்தது. அந்த அம்மாவிடம் சொன்னோம். தராசைக் கீழே வைத்து விட்டார்.

"அறுபதாயிரமா? என் பொண்ணு கம்மலை அடகு வெச்சு மீட்க முடியாம போச்சே தம்பி... அந்த மாதிரி எத்தினி கம்மல் வாங்கியிருப்பேன்!"

அவ்வளவு கட்டியும் அந்த 8 ஆயிரத்து 500 ரூபாய் முதல் இன்னும் அவருக்குச் சொந்தமாகவில்லை என்பதுதான் வேதனை.

குமாஸ்தாவும் தப்பவில்லை

"தெருவோர வியாபாரிதானே, படித்தவர்கள் இப்படி ஏமாற மாட்டார்கள்" என்று நினைக்கிறீர்களா?

பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் இளைஞர். செல்போன் லோன் ஆப்பில் 5 ஆயிரம் கேட்டாராம். 'பிராசசிங் பீஸ்' என்று பிடித்தது போகக் கையில் வந்தது 3 ஆயிரம். ஏழாம் நாள் 5 ஆயிரமாகக் கட்ட வேண்டும்! வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி 3 ஆயிரத்து 400 சதவீதத்துக்கு மேல். ஊருக்கே கணக்கு எழுதுகிறவர், தன் கணக்கில் கோட்டை விட்டு விட்டார். ஒரு நாள் தாமதத்துக்கு அவர் செல்போனில் இருந்த அத்தனை பேருக்கும் அசிங்கமான மெசேஜ் போனதாம்.

கிரெடிட் கார்டுக்காரர்களும் சிரிக்க வேண்டாம். 'மினிமம் டியூ' மட்டும் கட்டி விட்டு மீதியைத் தள்ளிப் போட்டால், பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் வரை வட்டி. அதாவது வருஷத்துக்கு 42!

நாட்டுக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது

இது ஒரு தெருவின் கதை மட்டும் அல்ல. கொரோனா காலமான 2020-21ல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2022-23ல் அது சுமார் 5 சதவீதமாக இறங்கியது. குடும்பங்களின் கடனோ 2024 முடிவில் உற்பத்தியில் சுமார் 42 சதவீதத்தை எட்டியது.

கடன் வாங்கி வீடு கட்டினால் வீடாவது நிற்கும். ஆனால் ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் அறிக்கைப்படி, குடும்பக் கடனில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன்கள். நகைக் கடன், கார்டு கடன், பெர்சனல் லோன் எல்லாம் இதில் அடக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே அதிக வட்டித் தடைச் சட்டம் வந்து விட்டது. தின வட்டி, மணி நேர வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வட்டி வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்கு இரையானதை நாடு பார்த்தது. கந்து வட்டிக் கொடுமை என்று அந்தக் குடும்பம் பல தடவை மனு கொடுத்திருந்தது. 2022-ம் ஆண்டு 'ஆபரேஷன் கந்து வட்டி' என்ற பெயரில் போலீசார் மாநிலம் முழுவதும் நடவடிக்கை எடுத்தனர். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது.

லோன் ஆப் மிரட்டலுக்கு ஆளானவர்கள் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம். முறையான நிறுவனங்களின் கடன் ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையத்தளத்தில் 2025 ஜூலை முதல் இருக்கிறது.

தெருவோர வியாபாரிகளுக்கென்றே 2020-ல் வந்தது பிரதமர் ஸ்வநிதி திட்டம். அடமானம் வேண்டாம். முதல் கடன் 10 ஆயிரமாக இருந்தது, 2025-ல் 15 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு.

"உண்டி வந்து கதவைத் தட்டுமா?"

அந்த அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டோம். "தினம் 100 ரூபாய் 100 நாள் தண்டலுக்குக் கட்டுகிறீர்களே, அதையே உண்டியில் போட்டால் 100 நாளில் 10 ஆயிரம் உங்களுடையது ஆகி விடாதா?"

சிரித்தார்.

"நல்லாத்தான் சொல்றே தம்பி. உண்டி வந்து கதவைத் தட்டுமா? தண்டல்காரர் வந்து நிக்கிறாரு, அதனால குடுக்கறேன். உண்டியில போட்டா புள்ளைக்கு ஜுரம்னா எடுத்துடுவேன், சரக்கு அழுகினா எடுத்துடுவேன்."

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படித்த பேங்குக்காரர்களுக்கும் புரியாத விஷயத்தை ஒரே வரியில் சொல்லி விட்டார். வாசலுக்கு வந்து கேட்பவனுக்குத்தான் ஏழையின் பணம் போகிறது. 1989-ல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டபோது பிடித்துக் கொண்டதும் இந்தச் சூட்சுமத்தைத்தான். நாலு பேர் எதிரில் கட்ட வேண்டும் என்றால் கை தானாக நீளும். ஆனால் அங்கே சேருவது நம் பணம்!

கடன் வாங்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வயிற்றுப்பாடு அப்படி. ஆனால் கை நீட்டும் முன்பு இரண்டே கேள்வி கேளுங்கள். 'கையில் எவ்வளவு வரும்? வருஷத்துக்கு வட்டி எவ்வளவு?' நாள் கணக்கு, வாரக் கணக்கு, பைசா கணக்கு எதுவும் வேண்டாம். ரூபாய்க்கு 3 பைசா என்றால் கேட்க இனிப்பாக இருக்கும், வருஷத்துக்கு அது 36!

நாம் கிளம்பும்போது அந்த அம்மா தண்டல் நோட்டை விரித்து விரலால் எண்ணிக் கொண்டிருந்தார். இன்னும 37 கட்டங்கள் பாக்கி.

"இது முடியட்டும் தம்பி. அடுத்த நூறு நாளு எனக்கே கட்டிக்கிறேன்" என்றார்.