கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் முதலில் என்ன பார்ப்பது?



நம் கூட்டமைப்பு அலுவலகங்களில் பல இடங்களில் இருக்கும் கம்ப்யூட்டர், கம்பெனியில் இருந்து அப்படியே பெட்டியோடு வந்தது இல்லை. மதர்போர்டு, பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், கேபினெட் என்று பொருள் பொருளாக விலை கேட்டு வாங்கி, ஒன்றாகச் சேர்த்து மாட்டியது. இதைத்தான் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் என்கிறோம். நம் பிள்ளைகளே ரிச்சி தெருவுக்குப் போய் சாமான் வாங்கி வந்து வீட்டில் மாட்டிக் கொடுத்ததும் உண்டு.

இப்படி மாட்ட முடிகிறதே, அது எப்படி? 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பி.சி.யை வெளியிட்டபோது, கடையில் கிடைக்கிற உதிரிப் பொருட்களை வைத்தே அதைச் செய்தது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் அதே மாதிரிப் பொருட்களைச் செய்ய ஆரம்பித்தன. பிறகு 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டு வந்தது. அதனால்தான் ஒரு கம்பெனி போர்டு இன்னொரு கம்பெனி கேபினெட்டில் திருகு ஓட்டை மாறாமல் பொருந்துகிறது.

இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. ஒரு பொருள் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும், முழுசையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் எது போச்சு என்று தெரிந்தால்தானே அந்த லாபம்? தெரியாவிட்டால் "போர்டு அடிச்சிடுச்சு அக்கா" என்று யாராவது சொன்னதும் தீர்மானம் போட்டுப் பணம் எடுத்துக் கொடுத்து விடுகிறோம். அது சந்தாப் பணம். உறுப்பினர்கள் காசு.

கணக்கு இடிக்கும்போது என்ன செய்வோம்?

மாதக் கடைசியில் கையிருப்பு ஐநூறு ரூபாய் குறைகிறது என்று வையுங்கள். நோட்டு முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசாக எழுத மாட்டோம். சேமிப்பு சரியா, கடன் வசூல் சரியா, வட்டி சரியா, வங்கிச் சீட்டு சரியா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருவோம். சரியானதைத் தள்ளத் தள்ள, தப்பு இருக்கிற இடம் தானாக வெளியே வந்துவிடும். கம்ப்யூட்டரிலும் அதே வேலைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ராமையும் கேபிளையும் சேர்த்து மாற்றி அது ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறையும் இரண்டுக்கும் செலவு வரும். என்ன செய்தோம், என்ன ஆச்சு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள்.

திறப்பதற்கு முன்னால் சில காரியம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பின்பக்கம் இருக்கிற கரண்ட் வயரையே உருவி விட வேண்டும். உருவிய பிறகு முன்னால் உள்ள பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடியுங்கள், போர்டில் தங்கியிருக்கிற மிச்சக் கரண்டும் வடிந்துவிடும். உலோக வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சேர்ந்திருக்கிற நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். சேலை உரசலில் சேர்கிற அந்தத் துளி மின்சாரமே ராமைக் கெடுக்கப் போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். உள்ளே ஒரு மூலையில் ஃபேனோடு இருக்கிற இரும்புப் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதைத் திறக்கவே கூடாது. வயரை உருவிய பிறகும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா?

பின்பக்கத் திருகைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்குது என்று பல அலுவலகங்களில் சொல்கிறார்கள். "அது அப்படித்தான், செருப்புப் போட்டுக்கோ" என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கரண்டைச் சுத்தம் செய்கிற பாகம் ஒன்று இருக்கிறது. அதில் கசிகிற சிறு கரண்ட், எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் கேபினெட் மேலேயே நிற்கும். சாதாரணமாக இது சுருக்கென்று இழுப்பதோடு சரி. ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரிந்து கேபினெட்டில் பட்டால், காப்பாற்ற எர்த் இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டுச் சொருகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி வரைக்கும் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் குழி காய்ந்து போனாலும் இப்படி ஆகும், தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். மற்ற பழுது எதைப் பார்ப்பதற்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

ஆனே ஆகலை

பட்டனை அழுத்தினால் லைட் இல்லை, சத்தம் இல்லை. அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் கரண்ட் இருக்கிறது. அடுத்து யு.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் சொருகுங்கள். அப்போது ஆன் ஆனால் பழுது யு.பி.எஸ்.ஸில். அதன் பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருடம்தான் உழைக்கும். எஸ்.எம்.பி.எஸ். பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், கூட்டும்போது துடைப்பம் பட்டு அது அணைந்திருப்பதும் உண்டு.

இவ்வளவும் சரி என்றால், முன்பக்கப் பட்டனே பழுதாகி இருக்கலாம். அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர் மதர்போர்டுக்குப் போகும். பக்கத்திலேயே ரீசெட் பட்டனுடைய வயரும் இருக்கும். பவர் வயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரீசெட் வயரைச் சொருகுங்கள். இனி ரீசெட் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். செலவு ஒரு பைசா இல்லை.

அதற்கும் அசையவில்லையா, எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகப்படலாம். இதை நாம் சோதிக்க வேண்டாம், மெக்கானிக்கை நம் எதிரிலேயே சோதிக்கச் சொல்லலாம். பெரிய பிளக்கில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மட்டும் நல்லது என்று அர்த்தமில்லை. மீட்டர் வைத்தால் மஞ்சள் வயரில் 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பில் 4.75-லிருந்து 5.25 வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். இந்த நான்கு எண்களை நோட்டில் எழுதி வையுங்கள். எண்ணைச் சொல்லிக் கேட்கிற பெண்ணிடம் யாரும் சும்மா கதை விட மாட்டார்கள்.

ஃபேன் சுற்றுது, படம் வரலை

அதிகம் ஏமாறுவது இங்கேதான். படம் வரவில்லை என்றாலே போர்டு போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள். முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். தட்டத் தட்ட அதன் சின்ன லைட் எரிந்து எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, பழுது மானிட்டரிலோ அதன் கேபிளிலோதான். கேபிளைக் கழற்றி, பின் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப மாட்டுங்கள்.

லைட் மாறவில்லை, சில பெட்டிகளில் நீளமாக பீப் பீப் என்று விடாமல் கத்தும், அப்படியென்றால் அடுத்தது ராம். சீப்பு மாதிரி நீளமான சின்ன அட்டை. எங்கள் அனுபவத்தில், தூசியும் ஈரக்காற்றும் உள்ள அலுவலகங்களில் பாதிப் பிரச்சினை இதில்தான். வயரை உருவிவிட்டு, ராமின் ஓரத்தில் உள்ள கிளிப்பை விலக்கினால் அட்டை மேலே எழும்பும். கீழ் விளிம்பில் தங்க நிறக் கோடுகள் இருக்கும், அதில் விரல் படக்கூடாது. பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அந்தக் கோடுகளை மெதுவாக, ஒரே திசையில் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். ரப்பர் தூளை நன்றாகத் தட்டிவிட்டு, அட்டையில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் பொருந்துகிற மாதிரி வைத்து, 'டக்' என்று கிளிப் பிடிக்கும் வரை இரண்டு பக்கமும் அழுத்துங்கள். அரைகுறையாக உட்கார்ந்தாலும் படம் வராது.

ஒரு கூட்டமைப்பில் தணிக்கை வாரத்தில் இப்படித்தான் திரை கறுத்துப் போனது. போர்டும் ராமும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கணக்காளர் தங்கச்சி, "ஒரு நாள் பொறுங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று நிறுத்தி வைத்தாள். இரண்டு ராம் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றில் படம் வந்தது, மற்றதில் வரவில்லை. வராததை வேறு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தாள், அங்கேயும் வரவில்லை. ராம்தான் போயிருக்கிறது, போர்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவானது. ஒற்றை ராமிலேயே தணிக்கை முடிந்தது.

ராம் சரியாக இருந்தும் படம் இல்லையென்றால், அவசியமில்லாத எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். பிரின்டர், பென் டிரைவ், சி.டி. டிரைவ், ஹார்ட் டிஸ்க் எதுவும் வேண்டாம். போர்டு, பிராசசர், அதன் ஃபேன், ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர் மட்டும். கிராபிக்ஸ் கார்டு தனியாக மாட்டியிருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். இந்த நிலையில் கறுப்புத் திரையில் எழுத்து வந்தாலே போர்டு பிழைத்தது. பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள், எதை மாட்டும்போது படுக்கிறதோ அதுதான் குற்றவாளி. இவ்வளவு செய்தும் எழுத்தே வரவில்லை என்றால்தான் போர்டைச் சந்தேகப்பட வேண்டும். போர்டில் நிற்கிற சின்ன உருளைகளின் தலை உப்பியிருந்தால் அது கெட்டதற்கு அடையாளம். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது நிறைய.

பாதியில் அணைவதும் தேதி மாறுவதும்

பத்து நிமிடம் ஓடி, தானாக அணைந்துபோனால் பெரும்பாலும் சூடு. பிராசசர் சூடு தாங்க முடியாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. அதன் மேல் உள்ள ஃபேனிலும் அலுமினியத் தகட்டிலும் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் தட்டி எடுங்கள். தகட்டை மட்டும் கழற்ற வேண்டாம். கழற்றினால் அடியில் உள்ள பசையைத் துடைத்துவிட்டு, புதுப் பசை ஒரு பச்சைப்பயறு அளவு வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

பிரின்ட் கொடுக்கும்போது மட்டும் அணைகிறது என்றால் வேறு கதை. லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் சொருகியிருப்பீர்கள். அது சூடாகும்போது ஒரே மூச்சில் நிறைய கரண்ட் இழுக்கும், சின்ன யு.பி.எஸ். தாங்காது. பிரின்டரை நேராகச் சுவரில் சொருகுங்கள்.

தினமும் காலையில் தேதி பல வருடம் பின்னால் காட்டினால் போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர்.2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும். சின்னப் பழுதுதான், ஆனால் இதை நாள் தள்ளாதீர்கள். தப்பான தேதியில் வவுச்சர் பதிவாகிவிட்டால் தணிக்கையில் பதில் சொல்வது நாம்தான். வங்கி இணையதளமும் திறக்காது.

ஹார்ட் டிஸ்க்

மற்றது எது போனாலும் கடையில் கிடைக்கும். உறுப்பினர் கடன் லெட்ஜர் கடையில் கிடைக்காது. செல்போன் செயலியில் பதிவு வந்துவிட்டாலும் பழைய வருடக் கணக்குகள் பல இடங்களில் இதற்குள்தான் இருக்கின்றன. டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபைல் திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ திரும்பத் திரும்ப ஆன் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். திறக்கிற நிலையில் இருந்தால் முதல் வேலையாகக் கணக்கு ஃபோல்டரை வெளியே நகல் எடுங்கள், மற்றது அப்புறம். எஸ்.எஸ்.டி. வகை டிஸ்காக இருந்தால் சத்தமே போடாது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதனால் கெடும் வரை காத்திராமல் ஒவ்வொரு மாதக் கூட்டத்தன்றும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே பொறுப்பாளர் வீட்டில் பூட்டி வையுங்கள். டிஸ்கே காணோம் என்று திரையில் வந்தால் உடனே பயப்பட வேண்டாம். அதன் டேட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கடைக்கு எடுத்துப் போகும்போது

அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வாரன்டி. கேபினெட்டுக்கு ஒரு வருடம் முடிந்துவிட்டாலும் பெட்டியோடு வந்த பிராசசருக்குப் பொதுவாக மூன்று வருடம் உண்டு. ராம், டிஸ்க் இரண்டுக்கும் இன்னும் பாக்கி இருக்கலாம். பில்லைப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் ராம், டிஸ்க், போர்டு மேல் உள்ள சீரியல் எண்களை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது அதே எண்கள்தானா என்று ஒத்துப் பாருங்கள். மாற்றிய பழைய பொருளைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

போர்டு, எஸ்.எம்.பி.எஸ். பழுது பார்க்க ஹார்ட் டிஸ்க் தேவையே இல்லை. அதில் நம் உறுப்பினர்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் கிடக்கின்றன. இரண்டு வயரை உருவி, திருகைக் கழற்றினால் டிஸ்க் கையோடு வந்துவிடும். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் பெட்டியைக் கடைக்குக் கொடுத்து அனுப்புங்கள்.